சேற்றுக்குள் ஒரு சுற்றுப்பலகை: மண்வாரி இயந்திரங்களின் மின்னணுவியல், மும்பை வழியே ஒரு வரலாறு

தமிழ்ப் பேச்சில் மண் தோண்டும் பெரிய இயந்திரங்களுக்கு இரண்டு பெயர்கள் நிலைபெற்றுவிட்டன. ஒன்று பொக்லைன், மற்றொன்று ஜேசிபி. இரண்டுமே நிறுவனப் பெயர்கள். பொக்லைன், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தோண்டிகளைச் செய்த பிரெஞ்சு நிறுவனம். அதன் தொழில்நுட்பத்தைப் பெற்று இந்தியாவில் அவ்வியந்திரங்களைச் செய்தது மும்பையின் லார்சன் அண்ட் டூப்ரோ. ஜேசிபி, ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் 1945இல் தொடங்கிய நிறுவனம். இந்தியாவுக்கு 1979இல் வந்தது. நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராக மாறுவது எந்த மொழிக்கும் இயல்பே. கவனிக்கத்தக்கது வேறொன்று. இன்று இவ்வியந்திரங்களின் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் செல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு புத்தக அளவே உள்ள அலுமினியப் பெட்டி. அதற்குத் தமிழில் நிலைத்த பெயர் எதுவும் இல்லை. பணிமனைகளில் சிலர் ஈசிஎம் என்பர். சிலர் போர்டு என்பர். பலர் எல்லாப் பழுதையும் ‘சென்சார் பிரச்சினை’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுவர். கண்ணுக்குத் தெரியும் இரும்புக்குப் பெயர் கிடைத்தது. மூடிக்கிடக்கும் பெட்டிக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பெயரின்மை தற்செயலானதன்று. மழையிலும் புழுதியிலும் அதிர்விலும் பழுதுபடாத மின்னணுவியலை உருவாக்கிய வரலாறு, அதே மின்னணுவியலைப் பழுதுபார்ப்பவரின் கைக்கு எட்டாமற் செய்த வரலாறும் ஆகும். ட்ராம்பே, பொவாய், மாட்டுங்கா, தாராவி என்று சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இடங்களின் வழியே அந்த இரட்டை வரலாற்றை மும்பையில் தெளிவாகப் படிக்க முடியும்.

போரும் பூஞ்சையும்

கடுஞ்சூழலுக்கான மின்னணுவியல் என்ற சிந்தனை இரண்டாம் உலகப்போரில்தான் முறையான வடிவம் பெற்றது. அதன் களங்களுள் ஒன்று இந்தியாவின் கிழக்கெல்லை. அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனம் நோக்கி 1942 இறுதியில் அமெரிக்கப் படையினர் சாலை போடத் தொடங்கினர். 1945 தொடக்கத்தில் அச்சாலை திறக்கப்பட்டது. அக்காட்டுக்குள் இரண்டு வகைப் பொருள்கள் ஒன்றாகச் சென்றன: புல்டோசர்களும் வானொலிப் பெட்டிகளும். மழை இரண்டையும் ஒன்றுபோல் நனைத்தது. ஆனால் விளைவு ஒன்றுபோல் இல்லை.

அக்காலப் புல்டோசருக்குள் மின்னணுவியல் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. டீசல் எஞ்சின் தன் அழுத்தத்தின் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைத்துக்கொள்ளும், தீப்பொறி வேண்டாம். கேட்டர்பில்லர் டி8 போன்ற வண்டிகளில் பெரிய எஞ்சினை முதலில் சுழற்றிவிடப் பக்கத்திலேயே ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின் இருந்தது. ஆகவே பேட்டரியையும் நம்பியிருக்கத் தேவையில்லை. இரும்பும் எண்ணெயும் மட்டுமே கொண்ட அவ்வியந்திரம் சேற்றில் நாட்கணக்கில் நின்றாலும் மீண்டும் புறப்பட்டது. வானொலியோ ஈரப்பதம் மிகுந்த காட்டில் விரைவிலேயே செயலிழந்தது. மின்கம்பிகளைச் சுற்றியிருந்த பருத்தி நூலும் காகிதமும் மெழுகும் பூஞ்சைக்கு உணவாயின. பூஞ்சை இழைகள் ஈரத்தைத் தேக்கி, மின்சாரம் செல்லக் கூடாத இடங்களில் வழி அமைத்தன.

இதற்கு மாற்றாகப் பொறியாளர்கள் கண்ட வழிகள் இன்றைய வடிவமைப்பிலும் தொடர்கின்றன: பூஞ்சைக்கொல்லி கலந்த வார்னிஷ் பூச்சு, ரப்பர் வளையமிட்டு மூடிய உறை, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். இந்த நடைமுறைக்கு ஆங்கிலத்தில் வைக்கப்பட்ட பெயர் ‘வெப்பமண்டலத்துக்கு ஏற்ப மாற்றுதல்’ என்னும் பொருள்பட்டது. மிதமான குளிர்நாட்டுத் தட்பவெப்பம் இயல்பு. பருவமழை நாடு விதிவிலக்கு என்னும் நோக்கு அப்பெயருக்குள்ளேயே அமைந்திருக்கிறது. எங்கே வாழும் மனிதருக்கு எது இயல்பு என்ற கேள்வி தொழில்நுட்பச் சொல்லாக்கத்தில் எழாமலே போயிற்று.

போர் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. 1938இல் ஹென்னிங் ஹோல்க்-லார்சன், சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ என்னும் இரு டேனிஷ் பொறியாளர்கள் பம்பாயில் தொடங்கிய கூட்டு நிறுவனம், 1945இல் கேட்டர்பில்லருடன் உடன்படிக்கை செய்துகொண்டு மண்வாரி இயந்திரங்களை விற்கத் தொடங்கியது. 1947இல் அமைக்கப்பட்ட மத்திய டிராக்டர் நிறுவனம், அமெரிக்கப் படை விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு வட இந்தியாவில் தரிசு நிலங்களை உழுதது. விடுதலை பெற்ற நாட்டின் அணைகளும் சாலைகளும் இத்தகைய மின்னணுவியலற்ற இயந்திரங்களின் துணையோடுதான் எழுந்தன.

ட்ராம்பேயும் பொவாயும்

அதே காலத்தில், செம்பூருக்கு அப்பால் ட்ராம்பேயில் வேறொரு மரபு வேர்கொண்டது. 1954 ஜனவரி 3 அன்று அணுசக்தி நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்தியப் பொறியாளர்களாலேயே செய்யப்பட்டன. அய்யகாரி சாம்பசிவ ராவ் தலைமையில் வளர்ந்த மின்னணுப் பிரிவு, உலைக்கான கருவிகளோடு, மலைகளிலும் காடுகளிலும் யுரேனியம் தேடிச் சென்ற புவியியலாளர்களுக்குத் தேவையான கதிர்வீச்சு அளவிகளையும் செய்தது. ஆய்வகத்துக்கு வெளியே, சாலையே இல்லாத இடத்துக்குத் தோளில் சுமந்து செல்லப்படும் மின்னணுக் கருவி இந்தியாவில் உருவானதன் தொடக்கக் கட்டங்களுள் இது ஒன்று. 1963இல் ஹோமி பாபா தலைமையில் அமைந்த மின்னணுவியல் குழு 1966இல் தன் அறிக்கையை அளித்தது. மறு ஆண்டு, ட்ராம்பேயின் அனுபவத்தை முதலாகக் கொண்டு ஐதராபாத்தில் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவப்பட்டது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ் நடுத்தரக் குடும்பங்களில் பலருக்கு இந்த மரபு நெருக்கமானது. ட்ராம்பேயும், 1923 முதல் மாட்டுங்காவில் இயங்கும் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியும், 1933இல் தொடங்கிப் பின்னர் மாட்டுங்காவில் நிலைகொண்ட வேதித் தொழில்நுட்பத் துறையும் அவர்களுக்குப் படிப்பும் வேலையும் தந்த இடங்கள். மின்னணுவியலைப் பொறுத்தவரை வேதித் தொழில்நுட்பம் புறம்பானதன்று. சுற்றுப்பலகையின் மேல் பூசப்படும் மெல்லிய பிசின் படலமும், பெட்டிக்குள் ஊற்றி இறுக்கப்படும் எபாக்சியும் பூச்சு வேதியியலின் பொருள்களே.

ஆயினும் ட்ராம்பேயின் மின்னணு மரபும் பொவாயின் மண்வாரி மரபும் நெடுங்காலம் பெரிதும் கலக்காமலே ஓடின. இடைவெளி தூரத்தால் ஏற்பட்டதன்று. மண்வாரித் தொழில் வெளிநாட்டு உரிமத்தில் வளர்ந்தது. உரிமத்தோடு வரைபடமும் வந்துவிடும். அதைவிட முதன்மையான காரணம், அந்த இயந்திரங்களுக்கு மின்னணுவியல் தேவைப்படவேயில்லை என்பது. எரிபொருள் பம்பு, வேகக் கட்டுப்பாடு, எண்ணெய் வால்வுகள் என எல்லாமே பல்சக்கரத்தாலும் சுருள்வில்லாலும் இயங்கின. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எது தேய்ந்தது என்பது கண்ணுக்கே தெரியும். தேய்ந்ததைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். தாராவி, குர்லா போன்ற பகுதிகளின் சிறு பட்டறைகள் எத்தனையோ இயந்திரங்களுக்கு இவ்வாறே இரண்டாம் வாழ்வு தந்தன.

தூய காற்றின் வழி நுழைந்த கணினி

மின்னணுவியல் மண்வாரிக்குள் நுழைந்ததற்கு ஓட்டுநரின் வசதி முதற்காரணமன்று. காற்று மாசுக்கான சட்டமே முதற்காரணம். டெட்ராய்ட் டீசல் நிறுவனம் 1985இல் மின்னணுக் கட்டுப்பாடுடைய கனரக டீசல் எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பாஷ் நிறுவனம், வண்டிக்குள் இருக்கும் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இரண்டே கம்பிகளில் பேசிக்கொள்ளும் ‘கேன்’ என்னும் தொடர்புமுறையை டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. சாலைக்கு வெளியே ஓடும் டீசல் இயந்திரங்களுக்கான முதற்கட்ட மாசு விதிகள் அமெரிக்காவில் 1996 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

இந்தியாவில் கட்டுமான இயந்திரங்களுக்கெனத் தனி மாசு விதிகள் 2007 முதல் வந்தன. 2011இல் மூன்றாம் கட்டம். இவ்விரு கட்டங்களையும் பெருமளவுக்குப் பழைய இயந்திரப் பம்புகளைக் கொண்டே சமாளிக்க முடிந்தது. 2021 ஏப்ரலில் வந்த நான்காம் கட்டம் அந்த வழியை, குறிப்பாக நடுத்தர, பெரிய எஞ்சின்களுக்கு, அடைத்துவிட்டது. புகையையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஒருசேரக் குறைக்க வேண்டுமானால் எரிபொருளை ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில், மில்லிநொடிக் கணக்கில், ஒரே சுற்றில் பல தவணைகளாகப் பீய்ச்ச வேண்டும். அதைச் செய்யச் சுருள்வில்லால் இயலாது. 2025 ஜனவரியில் ஐந்தாம் கட்டமும் வந்துசேர்ந்தது.

ஆலைப் புகையோடு வாழ்ந்து பழகிய செம்பூருக்கு இந்த விதிகளின் தேவை விளக்கப்பட வேண்டியதில்லை. 1950களிலிருந்தே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பின்னர் உர ஆலையும் அதன் விளிம்பில் நிற்கின்றன. மின்னணுவியலை எதிர்ப்பது புகையை வரவேற்பதாகும். எனவே அதன் வருகை சரியா என்பதைவிட, அது எந்த வடிவில் வந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

நான்கு பகைகள்

அந்த அலுமினியப் பெட்டி தாங்க வேண்டியவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, வண்டியின் மின்சாரமே. பெரிய மண்வாரிகளில் 24 வோல்ட் மின்னமைப்பு இருக்கும். ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் பேட்டரிக்கு மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரிக் கம்பி அதிர்வால் கழன்றுவிட்டால், போகுமிடமற்ற ஆற்றல் முழுவதும் அலையாக எழும். அதற்கெனத் தடுப்பு எதுவும் இல்லாத அமைப்பில் அது 150 முதல் 200 வோல்ட் வரை உயர்ந்து, சில நூறு மில்லிநொடிகள் நீடிக்கும் என்று ஐஎஸ்ஓ 16750 சோதனை விதி கொள்கிறது. கைபேசியின் சுற்றுக்கு இது இடி விழுந்ததற்கு ஒப்பாகும். ஆகவே பெட்டியின் வாயிலிலேயே மிகை அழுத்தத்தை விழுங்கி வெப்பமாக்கும் டயோடுகள் காவல் நிற்கின்றன. எஞ்சினைத் தொடங்கும்போது நேர்மாறாக மின்னழுத்தம் பாதிக்கும் கீழே சரியலாம். அந்நேரத்திலும் கணினி நினைவிழக்கக் கூடாது.

இரண்டாவது, அதிர்வு. ஒரே ஒரு பேரதிர்ச்சியைவிட, கோடிக்கணக்கான சிறு அதிர்வுகளே கொடியவை. பலகையின் இயல்பதிர்வும் எஞ்சினின் அதிர்வும் ஒத்திசைந்துவிட்டால் பலகை தோற்கருவியின் தோல்போல் துடிக்கும். உயரமாக நிற்கும் மின்தேக்கிகளின் கால்கள் முறியும். பற்றவைத்த இடங்களில் மயிரிழைப் பிளவுகள் தோன்றும். இதற்குத் தீர்வு கனமான உறையில் இல்லை. திருகுகளை நெருக்கமாக வைத்துப் பலகையை விறைப்பாக்கி, அதன் இயல்பதிர்வை எஞ்சினின் அதிர்வெண்களுக்கு மேலே கொண்டுபோவதே தீர்வு. இணைப்பிகளில் நுண்ணிய உராய்வால் தகரப் பூச்சு தேய்ந்து ஆக்சைடாகும். பழுது வந்து வந்து மறையும்; பணிமனையில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

மூன்றாவது, நீர். உயரழுத்த வெந்நீர்ப் பீச்சலைத் தாங்கும் உறைக்கு ஐபி69கே என்றும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினாலும் நீர் புகாத உறைக்கு ஐபி67 என்றும் தரக்குறி உண்டு. ஆனால் நீர் வெளியிலிருந்து மோதி மட்டும் நுழைவதில்லை. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் 80 டிகிரிக்குக் காய்ந்த பெட்டியின் மேல் ஜூன் மாத முதல் மழை விழுந்து அது 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். ஒன்றரை மீட்டர் ஆழ நீர் தரும் அழுத்தத்துக்கு இது சமம். அதாவது, ஐபி67 சோதனையில் வெளியிலிருந்து அழுத்தும் நீரைவிட வலுவாகப் பெட்டி தானே மழையை உள்ளிழுக்கும். 1969இல் பாப் கோர் கண்டறிந்த நுண்துளை டெஃப்லான் படலம் இதற்கு விடையாயிற்று: காற்றை விடும், நீர்த்துளியை விடாது. முற்றாக மூடுவதைவிட அளவறிந்து மூச்சுவிடச் செய்வதே நீரைத் தடுக்கும் வழி என்பது இத்துறையின் அரிய பாடங்களுள் ஒன்று.

நான்காவது, வேதியியல். இதில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு கரைபுரண்டது. ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் மித்தியிலும் நகரின் நாலாக்களிலும் தோண்டிகள் இறங்கித் தூர்வாருகின்றன. அந்தச் சேறு வெறும் மண்ணன்று. கழிவுநீர் அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழுகிறது. அது வெள்ளித் தொடுமுனைகளைக் கறுப்பாக்கி மின்தடையைக் கூட்டுகிறது. கடற்காற்றின் உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. இயந்திரத்தைக் கழுவும் நீரும் உப்பு நீராக இருந்துவிட்டால், நாளொரு உப்புச் சோதனை நடந்துகொண்டேயிருக்கும்.

இச்சோதனைகளை ஆய்வகத்தில் மீளச்செய்யும் கலைதான் தரவிதிகளாகத் தொகுக்கப்பட்டது. வேளாண் இயந்திரங்களின் மின்னணுப் பொருள்களுக்கென ஐஎஸ்ஓ 15003 உள்ளது. இந்தியாவில் பொதுவான சூழற்சோதனைகளுக்கு ஐஎஸ் 9000 வரிசை உள்ளது. மும்பை அந்தேரியில் மின்னணு மண்டலச் சோதனைக்கூடமும், சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையமும் இத்தகைய சோதனைகளைச் செய்கின்றன. தரவிதி என்பது முன்னர் நேர்ந்த தோல்விகளின் தொகுப்பு. யாருடைய தோல்விகள் தொகுக்கப்பட்டன என்பதைப் பொறுத்தே அது யாருக்குப் பயன்படும் என்பது அமையும்.

தாராவிக்கு அடியில்

கடுஞ்சூழல் மின்னணுவியலின் உச்ச வடிவம் இன்று தாராவிக்கு அடியில் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. கொலாபாவிலிருந்து பாந்த்ரா வழியாக சீப்ஸ் வரை 33.5 கிலோமீட்டர் ஓடும் மெட்ரோ மூன்றாம் வழித்தடத்துக்காக 17 சுரங்கம் துளைக்கும் இயந்திரங்கள் பயன்பட்டன. 2017 இறுதியில் முதல் இயந்திரம் மாஹிமின் நயா நகரில் குழிக்குள் இறக்கப்பட்டது. 2022 நவம்பரில் துளைப்பு முழுமையடைந்தது. தாராவிக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கும் இடையே வழித்தடம் மித்தி ஆற்றுக்கு அடியில் செல்கிறது. தாராவி நிலையம் 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டது. செம்பூர் அமர் மகாலிலிருந்து ட்ராம்பே நோக்கியும் பரேல் நோக்கியும் மாநகராட்சி அமைத்த குடிநீர்ச் சுரங்கங்களும் இத்தகைய இயந்திரங்களின் வேலையே.

மும்பையின் நிலத்தடி ஒருபடித்தானதன்று. தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை ஓரிடம்; சாம்பற்பாறையும் சிதைகற்பாறையும் ஓரிடம்; களிமண் ஓரிடம். துளைக்கும் தலை கடினமான பாறையிலிருந்து நொறுங்கும் பாறைக்குள் நுழையும் கணத்தை ஓட்டுநர் கண்ணால் காண வழியில்லை. உந்துவிசை, சுழற்சி முறுக்கு, முகப்பின் மண்ணழுத்தம் ஆகியவற்றை உணரிகள் சொல்ல வேண்டும். லேசர் வழிகாட்டி இயந்திரம் எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று சொல்ல வேண்டும். உணரி பொய் சொன்னால் மேலே தரை அமிழும். மேலே இருப்பது நெருக்கமாகக் கட்டப்பட்ட, ஆழமான அடித்தளமில்லாத வீடுகள். இங்கே மின்னணுவியலின் உறுதி என்பது மேலே உறங்கும் குடும்பத்தின் பாதுகாப்பு.

இவ்வியந்திரம் உழைப்பது அதிர்வும் ஈரமும் புழுதியும் சூழ்ந்த இடத்தில். ஆனால் அது தனியாக உழைப்பதில்லை. உடனிருக்கும் மின்னணுத் தொழில்நுட்பர்கள், கையிருப்பில் மாற்று உணரிகள், செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், முழு வரைபடங்கள் என ஒரு சிற்றூரே அதன் பின்னால் நகர்கிறது. உணரி பழுதானால் அடுத்த பணிமுறைக்குள் மாற்றப்படும். உறுதி என்பது பெட்டியின் பண்பு மட்டுமன்று, பெட்டியும் அதைச் சூழ்ந்த அறிவும் சேர்ந்த பண்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே தாராவியின் விளிம்பில் நாலாவைத் தூர்வாரும் சிறு ஒப்பந்தக்காரரின் தோண்டிக்குப் பின்னால் அத்தகைய சிற்றூர் இல்லை. கடன் வாங்கி எடுத்த ஒரே வண்டி. மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. எச்சரிக்கை விளக்கு எரிந்து எஞ்சின் தன் திறனைத் தானே குறைத்துக்கொண்டால், அவர் நாடுவது பழகிய மெக்கானிக்கை. அந்த மெக்கானிக்கின் முன் மூடிய பெட்டி.

மூடிய பெட்டியும் திறந்த அறிவும்

எனினும் அவர் முற்றிலும் கையற்றவர் அல்லர். கேன் தொடர்புக் கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும் என்பது கனரக வண்டிகளுக்கான ஜே1939 விதி. இரண்டும் இணைகரமாக இருப்பதால், வண்டியை அணைத்துவிட்டுச் சாதாரண மல்டிமீட்டரால் அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்துள்ளது. சுழியத்தை நெருங்கினால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. மலிவான ஒரு மீட்டரும் இந்த ஒரு செய்தியும் பல மணி நேர அலைச்சலைத் தவிர்க்கும். இதற்குக் காரணம் விதி பொதுவாக்கப்பட்டிருப்பது. பழுதுக் குறியெண்களில் ஒரு பகுதியும் இவ்வாறே எல்லா நிறுவனங்களுக்கும் பொது.

தடை தொடங்குவது அதற்கடுத்த படியில். நிறுவனத்துக்கே உரிய குறியெண்களின் பொருள், புதிய உணரியைப் பொருத்தியபின் அதைக் கணினி ஏற்றுக்கொள்ளச் செய்யும் மென்பொருள், பெட்டியை மாற்றினால் அதில் ஏற்ற வேண்டிய தரவு ஆகியவை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் மட்டுமே கிடைக்கும். அதிர்வுக்கும் நீருக்கும் எதிராக ஊற்றப்பட்ட எபாக்சி, பெட்டிக்குள் ஓர் ஐம்பது ரூபாய்ப் பாகம் பழுதாகியிருந்தாலும் அதை எடுத்து மாற்ற விடாது. இங்கே இரண்டு பூட்டுகள் உள்ளன. ஒன்று பிசினாலானது, மற்றொன்று மென்பொருளாலானது. முதலாவதற்கு இயற்கை ஓரளவு நியாயம் தருகிறது. இரண்டாவதற்கு மழையோ அதிர்வோ காரணமன்று. ஆயினும் ‘உறுதி’ என்ற ஒரே சொல் இரண்டையும் போர்த்திவிடுகிறது.

இந்த வேறுபாடு உலகெங்கும் வழக்காகியிருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் வேளாண் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையை 2023இல் சட்டமாக்கியது. ஜான் டீர் நிறுவனத்தின் மீது அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தது. இந்தியாவில் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் இதற்கெனக் குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள். மண்வாரி இயந்திரங்கள் அப்பட்டியலில் தனித் துறையாக இடம்பெறவில்லை. அவற்றை வாங்குவோர் பெருநிறுவனங்களே என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருந்தால், நாலாக்கரையில் நிற்கும் ஒற்றை வண்டிக்காரர் அந்த எண்ணத்துக்கு வெளியே நிற்கிறார்.

பெட்டியின் இறுதியும் இவ்வரலாற்றின் பகுதியே. மும்பையின் மின்னணுக் கழிவைப் பிரிக்கும் கைகள் குர்லா, சாக்கி நாக்கா, தாராவிப் பகுதிகளின் முறைசாராப் பட்டறைகளில் உள்ளன. பிசினில் புதைந்த சுற்றுப்பலகையிலிருந்து செம்பை மீட்க எளிய கருவிகளால் ஆவது இரண்டே: உடைப்பது அல்லது எரிப்பது. எரியும் எபாக்சியின் புகையைச் சுவாசிப்பவர் அதைச் செய்தவரும் அல்லர், பயன்படுத்தியவரும் அல்லர். சூழலிலிருந்து பெட்டியைக் காத்த அதே பொருள், பெட்டி செத்தபின் சூழலில் வாழ்பவரைத் தாக்குகிறது. தூய காற்றுக்காகப் பிறந்த கருவியின் முடிவு இதுவாக இருப்பது ஒரு முரண் மட்டுமன்று. வடிவமைப்பில் விடுபட்டுப்போன ஒரு கணக்கு.

இக்கணக்கைத் திருத்துவதற்கான தொழில்நுட்பம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. எபாக்சி ஊற்றுவதற்குப் பதிலாக, ரப்பர் வளையமும் திருகும் கொண்ட அலுமினிய உறை, மூச்சுவிடும் படலம், கரைத்தோ சுரண்டியோ நீக்கக்கூடிய மென்பூச்சு ஆகியவற்றின் கூட்டணியால் பெரும்பாலான மண்வாரிச் சூழலைத் தாங்க முடியும். பல நிறுவனங்கள் தாமே அப்படிச் செய்தும் வருகின்றன. பழுதுக் குறியெண்களை வெளியிடுவதால் ஒரு துளி நீரும் பெட்டிக்குள் புகாது. தேவைப்படுவது, தரவிதியின் சோதனைப் பட்டியலில் இன்னும் ஒரு வரி: நீர், அதிர்வு, வெப்பம், உப்பு ஆகியவற்றை அடுத்து, சாதாரணக் கருவிகளோடு ஒரு தேர்ந்த மெக்கானிக் இதைத் திறந்து, பாகத்தை மாற்றி, மீண்டும் நீர் புகாமல் மூட முடிகிறதா என்னும் சோதனை.

அப்படியொரு சோதனை எழுதப்பட வேண்டுமானால், அதை எழுதும் மேசையில் மாட்டுங்காவின் பொறியியல் மாணவரும் ட்ராம்பேயின் அனுபவமும் மட்டும் இருந்தால் போதாது. மழைக்கு முந்திய வாரங்களில் மித்திக் கரையில் எந்தெந்த இணைப்பி முதலில் கறுக்கிறது என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்தவரும் இருக்க வேண்டும். போர்க்காலத்தில் பர்மாக் காட்டின் பூஞ்சை தரவிதிக்குள் இடம்பெற்றதற்குக் காரணம், அங்கே தோற்ற வானொலிகளைப் பற்றி யாரோ முறையாக எழுதிவைத்தது. மும்பையின் பணிமனைகளில் நாள்தோறும் நிகழும் தோல்விகள் இன்னும் எழுத்தாகவில்லை. அவை எழுதப்படும்போது அந்தப் பெட்டிக்கும் தமிழில் ஒரு பெயர் தேவைப்படும்; திறந்து பார்க்கக்கூடிய பொருளுக்குத்தான் மக்கள் பெயர் வைப்பார்கள்.